கறுப்பு வெள்ளையில் கற்சிற்பங்கள்: காலனிக் காலக் கோயில் படங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் கோயில் மண்டபங்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் பழைய சிற்பப் படங்களைக் காட்டிப் பேசும்போது சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். 1840களிலிருந்து ஏறக்குறைய இரண்டாம் உலகப் போர் வரை எடுக்கப்பட்ட படங்களைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறேன். தமிழ்நாட்டோடு நில்லாமல் ஜாவா, கம்போடியா, கெடா என்று நம் வட்டாரத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

கோயில் சிற்பங்களை முதன்முதலில் கேமராவில் எடுத்தது யார்?

நம் பக்கத்து ஜாவா இதில் மிகவும் முந்திக்கொண்டது. 1845-இல் அடோல்ஃப் ஷேஃபர் என்ற ஜெர்மானியர், டச்சு அரசுக்காகப் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) சேர்த்து வைத்திருந்த இந்துச் சிலைகளையும், பிறகு போரோபுதூரையும் படம் எடுத்தார். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் நேரடியாகப் படம் விழும் டாகுவேரோடைப் முறை அது. நெகட்டிவ் கிடையாது, பிரதி போட முடியாது. ஒரு தகடு, ஒரு படம். அந்தத் தகடுகள் பல இன்றும் லைடன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

தென்னிந்தியாவில் தொடக்கப் பெயர் லினேயஸ் டிரைப். சென்னைப் படையில் அதிகாரியாக இருந்தவர். 1854-இல் பேலூர், ஹளேபீடு ஹொய்சாளக் கோயில்களை எடுத்தார். 1856-இல் அலெக்சாண்டர் கிரீன்லா என்ற இன்னொரு படை அதிகாரி ஹம்பியை எடுத்தார். டிரைப் சென்னை அரசின் புகைப்படக் கலைஞராக நியமிக்கப்பட்டு, 1857 டிசம்பரிலிருந்து 1858 வரை ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று சுற்றினார். 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், அரசுக்குப் புகைப்படம் ஓர் ஆடம்பரச் செலவு என்று அந்த வேலையை நிறுத்திவிட்டார். எனக்கு இன்றும் வருத்தம் தருகிற முடிவு. டிரைப்புக்கு இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் கிடைத்திருந்தால் சிதம்பரமும் திருவாரூரும் கும்பகோணமும் அதே கவனத்தோடு நமக்குக் கிடைத்திருக்கலாம்.

அப்புறம் 1867-68-இல் எட்மண்ட் லயன், 1869-இல் சாமுவேல் போர்ன் என்று வரிசை நீள்கிறது. 1861-இல் தொடங்கிய இந்தியத் தொல்லியல் துறை, பின்னாளில் படம் எடுப்பதைத் தன் அன்றாட வேலையாகவே ஆக்கிக்கொண்டது.

இதில் பினாங்குக்கு என்ன வேலை?

நல்ல வேலை இருக்கிறது. அங்கோர்வாட்டை முதலில் கேமராவில் பதித்த ஜான் தாம்சன், அதற்கு முன் பினாங்கில் தங்கிப் படத்தொழில் செய்தவர். எடின்பரோக்காரர். 1862-இல் சிங்கப்பூர் வந்தார். பினாங்கிலும் எதிர்க்கரையிலும் மாதக்கணக்கில் சுற்றிப் படம் எடுத்து, அவற்றை இங்கிருந்த ஐரோப்பியர்களுக்கு விற்றார்.

அவர் பின்னாளில் எழுதிய பயண நூலில் ஒரு தகவல் தருகிறார். பினாங்கில் படங்களைப் பிரிண்ட் போடவும் உதவிக்கும் இரண்டு சென்னைக்காரர்களைப் பழக்கிக்கொண்டாராம். சீனர்கள் அந்த வேலைக்கு வர மறுத்தார்கள் என்றும் சொல்கிறார். அந்த இருவரின் பெயரை அவர் எழுதவில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலை என்னவென்று நமக்குத் தெரியும். முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளை வெள்ளி நைட்ரேட்டில் நனைத்துக் காயவைத்து, கண்ணாடி நெகட்டிவோடு சட்டத்தில் இறுக்கி, வெயிலில் வைத்து, படம் சரியான அளவுக்குக் கறுத்ததும் எடுத்து, தங்க உப்பில் நிறமேற்றி, நிலைநிறுத்தி, கழுவிக் காயவைக்க வேண்டும். வெள்ளி நைட்ரேட் பட்ட விரல் கறுத்துவிடும், எளிதில் போகாது. பினாங்கு வெயிலில் கறுத்த விரல்களோடு நம்மவர்கள் இருவர் 1860களிலேயே இந்தக் கலையில் தேர்ந்திருந்தார்கள். இந்தத் தகவலைச் சொல்லாமல் நான் எந்தப் பேச்சையும் முடிப்பதில்லை.

தாம்சன் 1865-இல் பாங்காக் போனார். அங்கோர் அப்போது சயாம் ஆட்சியில் இருந்ததால் மன்னர் மோங்குத்தின் அனுமதி வாங்கிக்கொண்டு 1866 தொடக்கத்தில் அங்கே சேர்ந்தார். வழியில் காட்டுக் காய்ச்சல் அவரைப் படுக்க வைத்தது. இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டில் திருமாலுக்காகக் கட்டிய கோயிலின் கோபுரங்களும் புடைப்புச் சிற்பங்களும் அப்போதுதான் முதன்முதலாகக் கண்ணாடித் தகட்டில் விழுந்தன. 1867-இல் எடின்பரோவில் அவை நூலாக வந்தன.

தஞ்சைப் பெரிய கோயிலைப் பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒரே படமாக எடுத்தார்களாமே?

உண்மைதான். 1858-இல் டிரைப் செய்தது. ஸ்ரீவிமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை, கேமராவைச் சுவரையொட்டி நகர்த்தி நகர்த்தி 21 நெகட்டிவ்களில் எடுத்தார். பிரிண்ட்களை ஓரம் பொருத்தி ஒட்டி ஒரே சுருளாக்கினார். நீளம் சுமார் 19 அடி.

இதை எந்தக் கருவியை வைத்துச் செய்தார் என்று பாருங்கள். மெழுகு ஏற்றிய தாள்தான் அவருடைய நெகட்டிவ். ஒவ்வொரு படத்துக்கும் நிமிடக்கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் வெயில் நகரும், நிழல் மாறும். அப்படியிருந்தும் 21 துண்டுகளிலும் கல்லின் நிறம் ஒத்துப்போகும்படி பிரிண்ட் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கோயிலைக் கட்டியது முதலாம் இராஜராஜன் என்பதே அப்போது தெளிவாகத் தெரியாது. கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் 1880களில் கல்வெட்டுகளைப் படித்த பிறகுதான் அது உறுதியானது. யார் எழுதியது, என்ன சொல்கிறது என்று தெரியாத எழுத்தை, படிக்கத் தெரிந்தவர் ஒருநாள் படிக்கட்டும் என்று வரிசை பிசகாமல் எடுத்து வைத்திருக்கிறார். இராஜேந்திரனின் கடாரப் (இன்றைய கெடா) படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தியும் (அரசனின் புகழைப் பாடும் கல்வெட்டுப் பகுதி) அதே கோயிலில்தான் இருக்கிறது. கெடாவிலிருந்து பாலம் கடந்து பினாங்குக்கு வேலைக்கு வருகிறவர்கள், தங்கள் ஊர்ப் பெயர் தஞ்சைக் கல்லில் இருப்பதை நினைத்துக்கொள்ளலாம்.

டிரைப்புக்கு உதவியாளராக இருந்தவர் ஐயாசாமி. சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் படித்தவர். டிரைப்பின் பெயர் வரும் இடத்தில் ஐயாசாமியின் பெயரையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

அந்தக் காலத்தில் சிற்பத்தைப் படம் எடுப்பது அவ்வளவு கஷ்டமா?

ஆமாம், அதிலும் நம் தட்பவெப்பத்தில். தாம்சனும் போர்னும் பயன்படுத்திய ஈரத் தகட்டு முறையில் கண்ணாடித் தகட்டின் மீது கொலோடியன் என்ற பசையை ஊற்றிப் பரப்ப வேண்டும். அது ஈதரிலும் சாராயத்திலும் கரைத்த கரைசல். பிறகு இருட்டுக் கூடாரத்துக்குள் வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் பொருத்திப் படம் எடுத்து, ஓடி வந்து கழுவ வேண்டும். எல்லாம் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள். வெயிலில் ஈதர் மளமளவென்று ஆவியாகிவிடும். அந்தக் கூடாரத்துக்குள் நின்று மூச்சுவிடுவதே பெரும்பாடு. தகடுகள், மருந்துகள், தண்ணீர், கூடாரம், கேமரா எல்லாவற்றையும் சுமக்கக் கூலியாட்களும் மாட்டு வண்டிகளும் வேண்டும்.

1880 வாக்கில் உலர்ந்த தகடுகள் கடையில் கிடைக்கத் தொடங்கியபின் இந்தச் சிரமம் பெரிதும் குறைந்தது.

பழைய படங்களில் சிலைகள் கறைபடிந்தாற்போல் இருக்கின்றனவே? வானம் ஏன் வெறும் வெள்ளை?

இரண்டுக்கும் ஒரே காரணம். அந்தக் கால மருந்துகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும். நீல வானம் தகட்டில் அளவுக்கு மீறிப் பதிந்து, பிரிண்டில் வெளுத்துவிடும். வெறுமையாகத் தெரிகிறதே என்று டிரைப் சில நெகட்டிவ்களில் மேகத்தையும் மரத்தின் இலைகளையும் தூரிகையால் வரைந்து சேர்த்திருக்கிறார். எனவே அவருடைய படத்தில் மேகம் தெரிந்தால் அன்று மழைக்கோலம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சிவப்பும் மஞ்சளும் இதற்கு நேர்மாறு. அவை தகட்டில் பதியவே பதியாது, பிரிண்டில் கறுப்பாக விழும். பிள்ளையார் நெற்றியில் வைத்த குங்குமம், அம்மனுக்குச் சாத்திய மஞ்சள் எல்லாம் படத்தில் கரிய திட்டுகளாகத் தெரியும். கல் உடைந்திருக்கிறது, தீப்பிடித்திருக்கிறது என்று சிலர் பயந்துபோய்க் கேட்பார்கள். பாருங்கள்: திட்டு நெற்றி, மார்பு, பாதம் என்று பூசை செய்யும் இடங்களில் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் குங்குமமோ மஞ்சளோ எண்ணெயோதான். அதாவது, படம் எடுத்த நாளில் அந்தச் சிலைக்கு வழிபாடு நடந்துகொண்டிருந்தது என்பதற்குச் சாட்சி. படத்தின் அடியில் ‘பாழடைந்த கோயில்’ என்று வெள்ளைக்காரர் எழுதியிருந்தாலும், அந்தக் கரிய திட்டு வேறு கதை சொல்லும்.

கருவறை மூலவரின் படம் ஏன் கிடைப்பதில்லை?

படம் எடுக்க வந்த ஐரோப்பியர்களைக் கருவறைக்குள் விடவில்லை. அதனால்தான் கோபுரம், பிராகாரம், ஆயிரங்கால் மண்டபம், மதுரைப் புதுமண்டபத்துத் தூண்கள் போன்றவையே அதிகம். விட்டிருந்தாலும் விளக்கொளியில் அந்தக் காலத் தகடு ஒன்றையும் வாங்கியிருக்காது.

சிலைக்குப் பக்கத்தில் ஒருவரை ஏன் நிற்க வைத்தார்கள்?

அளவு தெரிவதற்காக. யாளித் தூண் எட்டடியா பதினெட்டு அடியா என்பது வெறும் படத்தில் தெரியாது. ஆனால் நிற்பவர் யார் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. கோயில் ஊழியரா, சுமைக்கு வந்தவரா, வேடிக்கை பார்க்க வந்தவரா? உடை, குடுமி, நிற்கும் விதம் ஆகியவற்றிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். பெரிதாக்கிப் பார்க்கும்போது முதலில் சிலையைப் பாருங்கள், பிறகு அவரையும் பாருங்கள். முகம் கலங்கியிருந்தால் அசைந்துவிட்டார் என்று பொருள்.

வெள்ளைக்காரர்கள் எதற்காக எடுத்தார்கள்? அவர்கள் சொன்ன விளக்கத்தை நம்பலாமா?

படத்தை நம்பலாம், அடிக்குறிப்பைச் சரிபார்த்துத்தான் ஏற்க வேண்டும்.

ஆண்ட நாட்டை அளந்து பட்டியல் போடுவது அவர்களின் நிர்வாகத் தேவை. அதோடு உண்மையான ஆர்வமும் சிலருக்கு இருந்தது. ஜேம்ஸ் ஃபெர்குசன் இந்தியாவில் அவுரி வியாபாரம் செய்து, பிறகு கட்டடக் கலை வரலாற்றாசிரியர் ஆனவர். லயனின் படக் குறிப்புகளை 1870-இல் பதிப்பித்தவரும் அவர்தான். நூற்றுக்கணக்கான படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோயில்களைக் காலவரிசைப்படுத்தினார். அந்த உழைப்பு பெரிது. ஆனால் இந்தியக் கலை பழைய உயரத்திலிருந்து வரவரச் சரிந்தது என்ற எண்ணம் அவருக்குள் ஊறியிருந்தது. நாயக்கர் காலக் கோபுரங்களின் செறிவை அவரால் முழுமனத்தோடு ரசிக்க முடியவில்லை. அந்தத் தீர்ப்பு பல நூல்களில் தொற்றிக்கொண்டு நம் பள்ளிப் பாடம் வரை வந்துவிட்டது. அது தவறான தீர்ப்பு என்றே நான் சொல்வேன். புதுமண்டபத் தூண் ஒன்றை ஐந்து நிமிடம் நிதானமாகப் பார்த்தவருக்கு அதில் சரிவு தெரியாது.

அதே புகைப்படம் எதிர்த் திசையிலும் வேலை செய்தது. திருவாலங்காட்டு நடராசர் செப்புத்திருமேனி சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரொடேன் அதை நேரில் பார்த்ததே இல்லை. ருஷ்யக் கலை ஆய்வாளர் விக்டர் கோலுபேவ் காட்டிய புகைப்படங்களைப் பார்த்தே மனம் பறிகொடுத்து, சிவதாண்டவத்தைப் பற்றி 1913-இல் எழுதினார். ரொடேன் மறைந்த பிறகு, 1921-இல் அது அச்சானது. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தின் மகனான ஆனந்த குமாரசுவாமியும் புகைப்படங்களைத் துணையாகக் கொண்டுதான் நம் சிற்பங்களை மேற்குலகின் முன் வைத்து வாதாடினார்.

எடுத்தவர்கள் எல்லோருமே ஐரோப்பியர்கள்தானா?

இல்லை. காசியன் செஃபாஸ் என்ற ஜாவாக்காரரை நம் ஆட்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். யோக்யகர்த்தா சுல்தானின் அரண்மனைக்குப் படம் எடுத்தவர். 1889-90-இல் பிரம்பானான் சிவன் கோயில் வளாகத்தை எடுத்தார். 9ஆம் நூற்றாண்டுக் கோயில். நடுவே சிவன், தெற்கே அகத்தியர், மேற்கே பிள்ளையார், வடக்கே மகிடனை வென்ற துர்க்கை. சுற்றிலும் இராமாயணக் காட்சிகள். செஃபாஸ் எடுத்தபோது சிவன் கோயில் இன்றைக்கு நாம் சுற்றுலா போய்ப் பார்க்கும் உயரத்தில் நிற்கவில்லை, இடிந்து சரிந்து கிடந்தது. திரும்ப எழுப்பி முடித்தது 1953-இல்.

1890-91-இல் அவர் போரோபுதூரில் செய்த வேலை இன்னும் அரிது. அது பௌத்தத் தலம், இருந்தாலும் சொல்லியாக வேண்டும். அடித்தளத்துக்குப் பின்னால் மறைந்துகிடந்த 160 புடைப்புச் சிற்பங்களைக் கல்லை அகற்றி அகற்றிக் காட்ட, அவர் ஒவ்வொன்றாக எடுத்தார். பிறகு கட்டடம் சரியாமல் இருக்க மீண்டும் மூடிவிட்டார்கள். ஒரு மூலையைத் தவிர மற்றவற்றை இன்று பார்க்க வேண்டுமென்றால் செஃபாஸின் படம்தான் வழி.

நம் நாட்டில், பூஜாங் பள்ளத்தாக்கில் இப்படிப் படங்கள் உண்டா?

உண்டு. குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் தம் மனைவி டோரத்தியோடு 1936-37-இல் கெடாவில் அகழ்ந்து, கோயில் அடித்தளங்களுக்கு எண் கொடுத்து, வரைபடங்களோடும் படங்களோடும் 1940-இல் வெளியிட்டார். சுங்கை பத்துத் தோட்டத்தில் இருந்த 11ஆம் எண் சண்டி (பழங்காலக் கோயிலுக்கு மலாய்ச் சொல்), 2013-இல் நில மேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்டது. செய்தி வந்த நாட்களில் இங்கே பலருக்கு வயிறு எரிந்தது. ஆயிரம் ஆண்டு தாங்கிய செங்கல் போய்விட்டது. பழைய அளவுகளும் படங்களும் இருப்பதால்தான் அங்கே என்ன இருந்தது என்று இன்றைக்கும் நம்மால் பேச முடிகிறது. மெர்போக் அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளை அழைத்துப் போங்கள். பக்கத்திலேயே 1960-இல் மீட்டுக் கட்டிய புக்கிட் பத்து பகாட் சண்டியும் இருக்கிறது.

சிலைத் திருட்டைப் பழைய படம் வைத்துப் பிடிக்க முடியுமா?

பிடித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலிய அருங்காட்சியகங்கள் இரண்டு 2014-இல் திருப்பித் தந்த ஸ்ரீபுரந்தான் நடராசரும் விருத்தாசலம் அர்த்தநாரீசுவரரும் நல்ல எடுத்துக்காட்டு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956 முதல் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கோயில் படங்களில் இந்தத் திருமேனிகளும் இருந்தன. காலனிக் காலத்துக்குப் பிந்திய சேகரிப்புத்தான், ஆனால் முறை அதே முறை. உடைந்த விரல், வார்ப்பின் வடு, பீடத்தின் நெளிவு என்று சின்னச் சின்ன அடையாளங்கள் ஒத்துப்போனால் மறுக்க முடியாது.

தாத்தா பெட்டியில் ‘இந்துக் கோயில், பினாங்கு’ என்று போட்ட பழைய அஞ்சலட்டை இருக்கிறது. எந்தக் காலம்?

பின்பக்கத்தைத் திருப்புங்கள். முகவரிக்கு மட்டுமே இடம் விட்டு, நடுவில் கோடு இல்லாவிட்டால் 20ஆம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளுக்கு முந்தியதாக இருக்கலாம். நடுக்கோடு போட்டு இடப்புறம் எழுத இடம் விட்டிருந்தால் அதற்குப் பிந்தியது. அஞ்சல் முத்திரை தெளிவாக இருந்தால் குழப்பமே இல்லை. ஆனால் அது அனுப்பிய நாள். படம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எடுத்ததாக இருக்கலாம், ஏனென்றால் ஒரே நெகட்டிவை வைத்துப் பல காலம் விற்பார்கள். சிங்கப்பூர் லாம்பர்ட் நிறுவனம், பினாங்கில் ஸ்டூடியோ வைத்திருந்த ஆகஸ்ட் கவுல்ஃபஸ் போன்ற பெயர்கள் அச்சாகியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள்.

இணையத்தில் எங்கே பார்ப்பது?

தாம்சனின் கண்ணாடி நெகட்டிவ்கள் லண்டன் வெல்கம் சேகரிப்பில், இலவசமாகவே பார்க்கலாம். டிரைப், லயன் படங்களுக்குப் பிரிட்டிஷ் நூலகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம். ஜாவாவுக்கு லைடன். தேடும்போது அந்தக் கால எழுத்துக்கூட்டலைப் போடுங்கள்: மதுரா (Madura), டாஞ்சூர் (Tanjore), ட்ரிச்சினாபோலி (Trichinopoly), செரிங்கம் (Seringham). இன்றைய பெயரில் தேடினால் பாதிப் படங்கள் வராது.

எங்கள் கோயிலில் அடுத்த ஆண்டு திருப்பணி. நாங்கள் என்ன செய்யலாம்?

பாலாலயத்துக்கு (திருப்பணிக்காகத் தெய்வத்தைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் சடங்கு) முன்பே படம் எடுத்துவிடுங்கள். இந்தப் பக்கத்தை எழுதியதற்கு முதல் காரணமே இந்தக் கேள்விதான். மலேசியாவில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி என்று கோபுரத்துச் சுதைகளை இடித்துவிட்டுப் புதிதாகச் செய்கிறோம். குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் 1833-ஐயும், கோலாலம்பூர் மாரியம்மன் கோயில் 1873-ஐயும் தொடக்கமாகச் சொல்கின்றன. இந்த நீண்ட காலத்தில் எத்தனை சிற்பிகளின் கைவேலை நம் கோயில்களில் அழிந்ததோ! தோட்டக் கோயில்களின் நிலை இன்னும் மோசம், தோட்டத்தோடு கோயிலும் போய்விடுகிறது.

கைப்பேசியே போதும். நிர்வாகத்திடமும் குருக்களிடமும் முதலில் அனுமதி கேளுங்கள், எடுக்கக் கூடாதது எது என்று அவர்கள் சொன்னால் விட்டுவிடுங்கள். காலை எட்டு மணி அல்லது மாலை ஐந்து மணிச் சாய்வெயிலில் எடுத்தால் சுதையின் மேடு பள்ளம் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலும் ஃப்ளாஷும் சிற்பத்தைத் தட்டையாக்கிவிடும். ஒவ்வொரு சிற்பத்தையும் முன், இரு பக்கம், முடிந்தால் பின் என்று எடுங்கள், ஒரு படத்திலாவது அடிக்கோல் வைத்து எடுங்கள். படம் பளிச்சென்று விழ வேண்டும் என்று மாவோ எண்ணெயோ தண்ணீரோ தடவ வேண்டாம். போரோபுதூரில் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் படத்துக்காகப் பூசிய காவிப் பூச்சு பின்னாளில் கல்லுக்கே தொல்லையாக முடிந்தது.

எந்தத் திசை, எந்த நிலை, என்ன உருவம், யார் செய்தது, எந்தக் கும்பாபிஷேகத்தில் செய்தது என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். ஸ்தபதியின் பெயரையும் அவரோடு வந்த சிற்பிகளின் பெயரையும் ஊரையும் விடாமல் கேட்டு எழுதுங்கள். கோயிலில் வயதானவர்கள் இருந்தால் இந்த வேலையை அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்வது நல்லது. ஒரு பிரதி கோயில் அலுவலகத்தில், ஒன்று நிர்வாகத்துக்கு வெளியே ஒருவரிடம், ஒன்று இணையச் சேமிப்பில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களை மட்டும் நம்பியிருக்காதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். கேமராவில் விழுந்த அசல் கோப்பையே எடுத்து வையுங்கள்.